அது தெற்கு சூடானின் கீதம் இல்லை

சர்வதேச விளையாட்டுப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கு, குறிப்பாக மைதானத்தில் தேசிய கீதத்தை ஒலிக்கவிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலை 28, பிரான்சின் லில் நகரம். ஒலிம்பிக் கூடைப்பந்தில் தெற்கு சூடான் முதன்முதலாகக் களமிறங்குகிறது, எதிரே போர்ட்டோ ரிக்கோ. வீரர்கள் வரிசையாக நிற்க, ஒலிபெருக்கியில் வந்ததோ சூடானின் கீதம். அரங்கமே கூச்சல் போட்ட பிறகு நிறுத்தினார்கள், சில நிமிடம் அவர்களை அப்படியே காக்க வைத்துவிட்டு அப்புறம் சரியான பாட்டைப் போட்டார்கள். மனிதத் தவறு என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார்கள். சரி, தவறு யாருக்கும் நேரும். ஆனால் அதே ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், இரண்டே நாள் முன்னால், தென் கொரிய அணியை வட கொரியா என்று அறிவித்திருந்தார்களே, அதற்குப் பிறகாவது ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டாமா?

மாறிப்போனது எந்தப் பாட்டு என்று பாருங்கள். "நாங்கள் இறைவனின் படை, தாயகத்தின் படை" என்று தொடங்குகிற பாட்டு அது. அந்தப் படையை எதிர்த்துத்தான் தெற்கு மக்கள் 1955 முதல் 1972 வரையும், மறுபடி 1983 முதல் 2005 வரையும் போரிட்டார்கள். இரண்டாவது போர் மட்டும் சுமார் 20 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தபோது 98.83 சதவீதம் பேர் சூடானிலிருந்து பிரிவோம் என்றார்கள், ஜூலை 9 அன்று நாடு பிறந்தது. கீதத்துக்குப் போட்டி வைத்தார்கள், ஜூபா பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் போட்ட மெட்டு தேர்வானது. உயிர்விட்ட தியாகிகளுக்காக எழுந்து மௌனமாக மரியாதை செய்வோம் என்று அதில் ஒரு இடம் வரும். அந்தப் பாட்டுக்காக எழுந்து நின்றவர்களின் காதில்தான் எதிர்ப்படையின் பாட்டைப் போட்டீர்கள்.

தெற்கு சூடானின் மாரத்தான் ஓட்டக்காரர் குவோர் மரியாலை உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது தெற்கு சூடானுக்கு ஒலிம்பிக் கமிட்டியே கிடையாது, சூடானுக்காக ஓடு என்று சொன்னபோது மாட்டேன் என்று மறுத்து, நாடில்லாதவராக ஒலிம்பிக் கொடியின் கீழ் மாரத்தான் ஓடினார். நான்கு வருடம் கழித்து ரியோவில் தன் நாட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்பில் வந்தார்.

அந்த நாடு சொர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2013 டிசம்பரிலேயே தங்களுக்குள் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஒற்றுமையாக வாழ வை என்று கடவுளிடம் கேட்கும் அந்தக் கீதத்தின் வேண்டுதல் இன்னும் முழுசாகப் பலிக்கவில்லை. ஆனாலும் இந்தக் கூடைப்பந்து அணி என்றால் எல்லாரும் சேர்ந்து கத்துகிறார்கள், அதனால்தான் இத்தனை கோபம்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஒலிம்பிக் குறியீட்டில் தெற்கு சூடான் எஸ்.எஸ்.டி., சூடான் எஸ்.யூ.டி., அவசரத்தில் கண் தவறத்தான் செய்யும். அதனால் எழுத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரு அணி மேலாளர்களையும் கூப்பிட்டு, ஒலிக்கப்போகிற பதிவையே போட்டுக் காட்டி, ஆமாம் எங்களுடையதுதான் என்று கையெழுத்து வாங்குங்கள். எந்த நாடாக இருந்தாலும் சரி, விதிவிலக்கு வேண்டாம்.

அன்றைக்கு அவர்கள் 90-79 என்று ஜெயித்துவிட்டதால் விஷயம் அமுங்கிப்போனது. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வருகிறது, இந்த விதியை அதற்குள் எழுதி வையுங்கள்.