சிறுநீரக நோயின் காரணத்தை ஒரு நாள் பரிசோதனை சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்தும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களே என்று கட்டுரையாளர் கோபப்பட்டிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. மதவாச்சி, பதவியா தொடங்கி எங்கள் வவுனியா வரை, நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகள் உழைக்கும் வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைகிறார்கள். ஆனால் ஆய்வாளர்களுக்கு அக்கறை இல்லை என்று அவர் முடித்திருப்பது சரியல்ல. கோளாறு தேடிய முறையில் இருக்கிறது. கட்டுரை அதைத் தொடவே இல்லை.

இங்கே நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒருமுறை ஊருக்குப் போய், நோயாளிகளிடமும் நோயற்றவர்களிடமும் இரத்தம், சிறுநீர், கிணற்று நீர் எடுத்து ஒப்பிட்டவை. இந்த நோயோ வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் உள்ளே வளர்வது. நோயாளி இன்று குடிக்கும் நீர் அவர் இருபது வயதில் குடித்த நீர் அல்ல. நோய் என்று தெரிந்த அன்றே கிணற்றைக் கைவிட்டுச் சுத்திகரிப்பு நிலையத்து நீருக்கு மாறியிருப்பார். சிறுநீரில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கூடுதலாக இருந்தால், காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுத்ததா, கெட்டுப்போன சிறுநீரகம் அதை வேறு அளவில் வெளியேற்றுகிறதா என்பதை ஒரு குப்பிச் சிறுநீரை வைத்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, வன்னீரை (கல்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரை) குடிப்பவரும் களைநாசினி தெளிப்பவரும் உச்சி வெயிலில் தாகத்தோடு வயலில் நிற்பவரும் ஒரே ஆள். எது காரணம், எது கூட வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

இந்த இடத்தில்தான் நாம் அவசரப்பட்டோம். கிளைபோசேட் என்ற களைநாசினியும் வன்னீரும் உலோகங்களும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்ற கருதுகோள் 2014இல் வெளியானது. கருதுகோளாக அது மதிக்கத்தக்கதே. அதை யாரும் சோதித்து முடிப்பதற்குள் 2015இல் கிளைபோசேட் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது தளர்த்தப்பட்டது. நஞ்சுகளுக்காக நான் வாதாடவில்லை. முகமூடியும் கையுறையும் இல்லாமல் எவரும் களைநாசினி தெளிக்கக் கூடாது என்பதே என் நிலை. ஆனால் தடை வந்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று ஊர் நம்பியது. தேடல் அத்தோடு தளர்ந்தது.

பால்கன் நாடுகளின் அனுபவத்தை நம் வாசகர்கள் அறிய வேண்டும். இன்றைய குரோஷியா, பொஸ்னியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா ஆகியவற்றில், தன்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய கிராமங்களில் இதே போன்றதொரு சிறுநீரக நோய் 1950களில் பதிவானது. ஒரு வீட்டில் பலருக்கு வரும், பக்கத்து வீட்டில் எவருக்கும் இராது. பரம்பரை நோய் என்றால், வெளியூரிலிருந்து குடியேறியவர்களுக்கும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் அது வந்தது. நிலக்கரிப் படிவங்களில் ஊறிய நீர், பூஞ்சை நச்சு, உலோகம், வைரஸ் என எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. கோதுமை வயலில் களையாக முளைக்கும் அரிஸ்டோலோக்கியா என்ற செடியின் விதைகள் மாவில் கலப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1969இலேயே ஒருவர் எழுதினார். கவனிப்பார் இல்லை.

பிறகு பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை உட்கொண்ட இளம் பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த செய்தி 1993இல் வெளியானது. மாத்திரையில் தவறுதலாகச் சேர்ந்திருந்தது அதே பேரினத்துச் செடி. அவர்களுடைய சிறுநீரகத் திசு பால்கன் நோயாளிகளின் திசுவை ஒத்திருந்தது. 2007இல் குரோஷிய நோயாளிகளின் திசுவில், அந்தச் செடியின் அமிலம் மரபணுவில் ஒட்டிக்கொண்டு விட்டுச்சென்ற தடயத்தையே கண்டுபிடித்தார்கள். ஐம்பது ஆண்டுப் புதிருக்கு விடை, பாதுகாத்து வைத்திருந்த திசுவிலிருந்து கிடைத்தது! (நம் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே பேரினம். இப்பேரினத்துச் செடிகள் சேர்ந்த மருந்துகளை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்தியது. வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உட்கொள்ள வேண்டாம்.)

நிக்கரகுவாவில் வேறொரு வழியில் போனார்கள். கரும்பு வெட்டும் தொழிலாளரின் சிறுநீரகச் செயற்பாட்டை அறுவடைக்கு முன்பும் பின்பும் அளந்தார்கள். நிழல், ஓய்வு, குடிநீர் மூன்றையும் கூட்டிக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. வெப்பம் மட்டுமே காரணம் என்று இது காட்டவில்லை. என்றாலும், காரணம் முழுமையாகத் தெரியும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை என்று காட்டியது. எங்கள் வயல்களில் இதைச் செய்ய எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

பதவியாவிலும் வவுனியாவிலும் இன்று நலமாக இருக்கும் இளைஞர்களை இருபது ஆண்டுகளாவது விடாமல் பின்தொடரும் ஆய்வு வேண்டும். அமெரிக்காவின் பிராமிங்காமில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கி அப்படித்தான் இதய நோயின் காரணங்களைத் தேடினார்கள். நம் இளைஞர்கள் குடிக்கும் நீரும், அவர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் இரத்தமும் சிறுநீரும் உறைநிலையில் காக்கப்பட வேண்டும். இன்று தோன்றாத கேள்வியை நாளை ஒருவர் கேட்பார். அரசு மாறினாலும் நிதி நிற்கக் கூடாது. ஊசி குத்திய ஒவ்வொருவருக்கும் அவருடைய முடிவு அவர் மொழியில், எழுத்தில், அந்த மாதமே கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு கையை நீட்ட எவரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வவுனியா