கண் முகாம் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டந்தோறும் இலவசக் கண் முகாம்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பதிவு மேசையில் இருந்த தம்பி பெயர், வயது, சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "குடியைப் பற்றிக் கேட்க மாட்டீங்களா தம்பி?" என்றேன். "அதுக்குக் கட்டம் இல்லைக்கா. அதுவும் பொம்பளைங்ககிட்ட அதையெல்லாம் எப்படிக் கேக்கறது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த தாளைத்தான் அவர் நிரப்புகிறார். மூன்று வருடத்துக்கு முன் என் அப்பாவுக்கு நிரப்பிய தாளிலும் அந்தக் கட்டம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அப்பா தையல்காரர். முப்பது வருடத்துக்கு மேல் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவர். சாயங்காலம் கடையை அடைத்ததும் ஒரு குவார்ட்டர், பகல் முழுக்க பீடி. குடித்த இரவுகளில் சரியாகச் சாப்பிட மாட்டார். சண்டை போட்டதில்லை, வேலைக்குப் போகாமல் இருந்ததும் இல்லை. அதனால் ஊரில் யாரும் அவரைக் குடிகாரர் என்று சொன்னதில்லை, நாங்களும் நினைத்ததில்லை.

முதலில் வெளிச்சம் போதவில்லை என்றார். டியூப்லைட்டை மாற்றினோம். அப்புறம் ஊசியில் நூல் கோக்க அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார். வலி இல்லை, கண் சிவக்கவில்லை. வயதானால் வருவதுதானே என்று முகாமுக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து இன்னொரு முகாம், இன்னொரு கண்ணாடி. அதற்கு அடுத்த தடவை, புரை இருக்கிறது என்று இடது கண்ணில் ஆபரேஷன். கட்டுப் பிரித்த அன்று அப்பா கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிச்சமா இருக்கு, ஆனா நடுவுல ஒண்ணும் தெளியலையே" என்றார். போகப் போகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த மாதம்தான் அந்த ரவிக்கை. அரக்கு நிறப் பட்டு, கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தது. கைவேலை எல்லாவற்றையும் பச்சை நூலில் முடித்து மடித்து வைத்திருந்தார். வாங்க வந்த அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, கடையில் நாலு பேர் இருக்கும்போது கேட்டார்: "என்ன அண்ணாச்சி, குடிச்சுட்டுத் தைச்சீங்களா?" அன்றைக்கு அப்பா ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. பதில் சொல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி எல்லா நூல்கண்டையும் பாயில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இது சிவப்பா பாரு, இது பச்சையா பாரு" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னார்.

வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். "ஐயா, குடிப்பீங்களா? எத்தனை வருஷமா? பீடி உண்டா? ராத்திரி சாப்பிடுவீங்களா?" பிறகு சொட்டு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை எடுத்து அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்தார். "வெளுத்த செங்கல் மாதிரி இருக்கு" என்றார் அப்பா. மூடியைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினார். "இப்போ சிவப்பா இருக்கு." அவ்வளவுதான் பரிசோதனை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காசும் ஆகவில்லை. பார்வை நரம்பு கெட்டிருக்கிறது, பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது, சிவப்பும் பச்சையும் முதலில் போகும் என்று அவர் விளக்கினார். சோற்றுக்குப் பதிலாக மது போவதாலும், போகிற சத்தைக் குடல் சரியாக ஏற்காமல் மது தடுப்பதாலும் தயமின், ஃபோலேட், பி12 வைட்டமின்கள் உடம்பில் வற்றிவிடுகின்றன. நரம்பு பட்டினி கிடக்கிறது. புகையிலை அதை இன்னும் மோசமாக்குகிறது. கண்ணாடியோ புரை ஆபரேஷனோ இதற்கு உதவாது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, குடியையும் புகையையும் நிறுத்தி, சத்து ஊசியும் சாப்பாடும் கொடுத்தால் பார்வை பெரும்பாலும் திரும்பி வருமாம். நரம்பு வெளுத்துப்போன பிறகு வருவது கொஞ்சம்தானாம். நாங்கள் 14 மாதம் முகாம் முகாமாக அலைந்துவிட்டுத்தான் அவரிடம் போயிருந்தோம்.

ஐயா, வாடிக்கையாளர் ஒருவர் கோபத்தில் கேட்ட கேள்வியை, அந்த 14 மாதத்தில் ஒரு மருத்துவ முகாம்கூட அக்கறையோடு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா இன்றைக்கு மிஷினில் உட்கார்ந்திருப்பார்.

குடித்தால் கண் போகும் என்பது நம் மக்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அது கள்ளச்சாராயத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள், பெண்களும் அதில் உண்டு. கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி ஓரிரு நாளில் பார்வை நரம்பைக் கருக்கிவிடும். அதற்கு ஆம்புலன்ஸ் வரும், அமைச்சர் வருவார். அரசுக் கடையில் ரசீது போட்டு விற்கும் பாட்டில் அந்த வேலையைப் பத்து இருபது வருடம் எடுத்துச் செய்யும்போது யாரும் வருவதில்லை. சீல் வைத்த பாட்டில், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அப்பாவும் நம்பினார்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அழைத்துப் போன அக்கா சித்தாள் வேலை செய்கிறார். உடம்பு வலிக்கு இரவில் குடிப்பார். அவர் சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன். பெண் உடம்பில் தண்ணீர் குறைவு, மதுவை வயிற்றிலேயே கொஞ்சம் உடைத்துவிடும் நொதியும் குறைவு. ஆண் குடிக்கும் அதே அளவைக் குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் அது அதிகமாக ஏறும். ஏற்கெனவே ரத்தசோகை, கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம். கர்ப்ப காலத்தில் குடித்தால் குழந்தையின் பார்வை நரம்பே சிறுத்துப் பிறக்கலாம். இத்தனை இருந்தும், பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தால் அவர்களைக் கேட்காமல் விடுகிறோம். அந்த அக்காவும் தானாகச் சொல்லமாட்டார். டாக்டர் தனியாக, தாழ்ந்த குரலில் கேட்டால் சொல்வார்.

இன்னொன்றும் உண்டு. நீண்ட நாள் குடிப்பவருக்குத் திடீரென்று பொருள் இரண்டாகத் தெரிந்து, கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடி, நடை தள்ளாடினால் அது போதையாக இல்லாமல் தயமின் வற்றிய மூளை நோயாக இருக்கலாம். அன்றைக்கே ஊசி போட வேண்டிய அவசரம் அது. போதை தெளியட்டும் என்று திண்ணையில் படுக்க வைத்துவிட்டுப் போகிறோம்.

டாஸ்மாக் வழியாக வருடத்துக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருமானம் என்று சட்டமன்றத்தில் சொல்கிறார்கள். அதில் என் அப்பாவின் குவார்ட்டர்களும் இருக்கின்றன. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று, ஸ்டிக்கர் ஒட்டி ஒவ்வொரு பாட்டிலையும் கணக்கு வைத்து வாங்கிக்கொள்ள அரசால் முடிகிறது. அந்தப் பாட்டிலைக் குடித்தவருக்குக் கண் தெரிகிறதா என்று கேட்க மட்டும் ஏன் முடியவில்லை? மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று இங்கே வாதாட வரவில்லை. அது பெரிய பேச்சு, எழுத ஆரம்பித்தால் கோபம்தான் மிஞ்சும். மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

கண் முகாம் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். குடிப்பழக்கம் உண்டா, எத்தனை வருடமாக, புகையிலை உண்டா. ஆண், பெண் எல்லோரிடமும். ஆம் என்றால் சிவப்பு மூடியைக் காட்டிப் பாருங்கள், சந்தேகம் வந்தால் கண்ணாடி எழுதும் முன் மேல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வரும் அக்காமாரிடமும் இதே கேள்வியைக் கொடுங்கள். போதை மறுவாழ்வு மையங்களில் சேருகிறவர்களுக்குக் கண்ணையும் பாருங்கள். இலவசப் புரை ஆபரேஷனால் எத்தனையோ லட்சம் பேர் பார்வை பெற்றிருக்கிறார்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அதே முகாமில், அதே மேசையில்தான் இந்தக் கட்டத்தையும் கேட்கிறேன்.

அப்பா குடியை விட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஊசிக்குப் பிறகு பஸ் நம்பர் தெரிகிறது, எங்கள் முகம் தெரிகிறது. நூலின் நிறம் தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு டப்பா மேலும் பெரிய எழுத்தில் சிவப்பு, அரக்கு, பச்சை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

எங்கள் ஊரில் அடுத்த முகாம் இரண்டு மாதத்தில் என்று அறிவித்திருக்கிறார்கள். படிவம் அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்க உத்தரவிடுமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரரின் மகள்