நின்றவருக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

சென்னையில் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களை நடத்தும் நண்பர்களுக்கும், அவற்றில் ஓட்டும் எல்லோருக்கும்,

வணக்கம். பிப்ரவரி கடைசியில் நடந்த 600 கிலோமீட்டர் ஓட்டத்தில், போளூரிலிருந்து ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில், இரவு ஒரு மணிக்குச் சுருண்டு விழுந்தவன் நான். எத்தனை விளக்குகள் என்னைத் தாண்டிப் போயின என்று தெரியாது. ஒரு விளக்கு மட்டும் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

வந்தவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் என் ஷூவைக் கழற்றினார். பிறகு, "தம்பி, காலையிலேர்ந்து என்ன குடிச்சீங்க?" என்று கேட்டார். தண்ணீர்தான் என்றேன். பகல் முழுக்க வெயில், நிறுத்திய இடமெல்லாம் பாட்டில் பாட்டிலாகப் பச்சைத் தண்ணீர். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் தரவில்லை. தயிர்சாதத்தோடு வந்த ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து என் நாக்கில் தடவினார். உடம்பில் சோடியம் மிகவும் இறங்கியிருந்ததாகவும், அந்த நேரத்தில் மேலும் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தால் வலிப்பு வரைக்கும் போயிருக்கும் என்றும் மருத்துவர் பிறகு சொன்னார்.

அந்த வளைவில் சிக்னல் கிடையாது. மலையிலிருந்து இறங்கிய பால் வண்டியை மறித்து, கீழே போனதும் 108-க்கு அடிக்கச் சொல்லி, மைல்கல்லில் இருந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் தன்னுடைய கன்ட்ரோல் கார்டின் (கன்ட்ரோல் என்னும் சோதனை இடங்களில் வந்த நேரத்தைப் பதிய வைக்கும் அட்டை) பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கார்டு இப்போது என்னிடம் இருக்கிறது: "1.20 வாந்தி. 1.45 வாந்தி, தலைவலி. 2.10 பெயர் சொன்னார், ஊர் சொல்லத் தெரியவில்லை. 2.50 ஒன்றுக்குப் போனார்." ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதில்தான் பதில் இருந்தது.

வண்டி வந்து சேர்ந்தபோது ஐந்தரை மணி. என்னை ஏற்றிவிட்டு, அவர் மறுபடி மலை ஏறினார். ஞாயிறு இரவு 11.40-க்குச் சென்னையில் முடித்தார். கட்-ஆஃப் 10 மணி. 40 மணி நேரத்துக்குப் பதிலாக 41 மணி 40 நிமிடம் என்று கணக்காகி, ஓட்டம் செல்லாது என்றாகிவிட்டது. 200, 300, 400 மூன்றையும் அதே பருவத்தில் முடித்து வைத்திருந்தவருக்கு, இந்த நான்கு தூரங்களையும் ஒரே பருவத்தில் முடித்தால் கிடைக்கும் எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனர்) பட்டத்துக்கு இருந்த கடைசி ஓட்டம் இது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலரை மணி நேரத்தைக் கழித்துப் பாருங்கள்: 37 மணி 10 நிமிடம்.

அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

40 மணி நேர வரம்பு என்பது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பி.ஆர்.எம். என்று நாம் சொல்லும் இந்த நெடுந்தூர ஓட்டங்களின் விதிகள் பாரிஸில் உள்ள ஓடாக்ஸ் கிளப்பிலிருந்து வருகின்றன. அந்த விதிகளிலேயே ஓர் இடம் இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவ நின்றதால் இடையில் உள்ள கன்ட்ரோலுக்குத் தாமதமாக வந்தால், அமைப்பாளர் மன்னித்து மேலே போக விடலாம். மொத்த நேரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நின்றவருக்கு அடி விழுவது அங்கேதான். பாரிஸுக்கு எழுதுங்கள். நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம்.

கடலில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தில், டாபியோ லெஹ்டினெனின் படகு இந்தியப் பெருங்கடலில் மூழ்கியது. கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் என்ற பெண் தன் பாதையை விட்டு விலகிப் போய் அவரை மீட்டார். அதற்காக 35 மணி நேரத்தை அவர் கணக்கில் திருப்பிக் கொடுத்தார்கள். முதலில் வந்ததும் அவர்தான். இரண்டாவதாக வந்தவர் நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி. 2018-இல் இதே பந்தயத்தில் முதுகு உடைந்து, நடுக்கடலில் அசைய முடியாமல் கிடந்து, பிரெஞ்சுக் கப்பலால் மீட்கப்பட்டவர் அவர். உலகையே சுற்றும் பந்தயத்தில் முடிகிறது என்றால், ஜவ்வாது மலையில் ஏன் முடியாது?

பொய் சொல்லி நேரம் வாங்குவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். எங்கே, எவ்வளவு நேரம் நின்றார் என்பதை ஜி.பி.எஸ். பதிவு காட்டிவிடும். 108-க்கு வந்த அழைப்பு இருக்கிறது. உதவி பெற்றவன் கையெழுத்துப் போடுவான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாரிஸின் பதில் வரும்வரை, நீங்களே சொந்தமாக நடத்தும் ஓட்டங்களில் இதை உடனே விதியாக எழுதலாம். பி.ஆர்.எம்.மில் நின்றவருக்கு அடுத்த 600-இல் கட்டணம் இல்லாமல் இடம் கொடுக்கலாம். கிளம்பும் முன் எல்லோரையும் நிறுத்தி ஹெல்மெட், விளக்கு பற்றிச் சொல்கிறீர்களே, அப்போதே இதையும் சத்தமாகச் சொல்லுங்கள். எந்தெந்த மலைப்பகுதியில் சிக்னல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உடன் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. போன வருடம் மரக்காணத்துக்கு அருகே, ஈ.சி.ஆரில் ஒருவர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். "ஓகேவா அண்ணா?" என்று கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் பிரேக்கைத் தொடவே இல்லை. அடுத்த கன்ட்ரோல் மூட 18 நிமிடம் இருந்தது. அவர் யார், அன்றைக்கு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மலையில் விழுந்து கிடந்தபோது என்னிடமும் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்கள், நானும் கட்டை விரலைத் தூக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பெயரையும் ஊரையும் கேளுங்கள். அதற்கு வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். முன்பக்கத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. பின்பக்கத்தைப் படித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு ஓட்டும் ஒருவன்,
சென்னை