தீவனத்தை மாற்றத் தயங்குவது பழமைப் பிடிப்பா?

ஆசிரியருக்கு,

ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள் புதிய தீவனத்தை ஏற்காததைப் பழமைப் பிடிப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் போடும் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

யூரியா வைக்கோலையே (எளிதில் செரிக்கவும் புரதச் சத்துக் கூடவும் யூரியா கரைசல் தெளித்துப் பதப்படுத்தும் வைக்கோல்) எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். இரண்டு மாடுகள் நாளுக்கு 12 கிலோ தின்றால் அந்த 21 நாளுக்கு 250 கிலோ வேண்டும். ஒரு போரைப் பிரித்துப் போடும்போதே அடுத்தது மூட்டத்தில் இருக்க வேண்டும். ஆக, இரண்டு போருக்கு இடம், தார்ப்பாய், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 150 லிட்டர் தண்ணீர் சுமக்க ஆள். யூரியா சரியாகக் கரையாமல் ஒரே இடத்தில் தங்கினால் நஞ்சு. நெடி போக ஆறவிடாமல் போட்டால் மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். (சுமப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விளக்கக் கூட்டத்துக்கு அவர்களை யார் அழைக்கிறார்கள்?)

விலையிலும் ஏமாற இடமுண்டு. பீர் ஆலையிலிருந்து வரும் ஈரச் சக்கையில் ஏறக்குறைய கால் பங்குதான் உலர்பொருள், மீதி தண்ணீர். காய்ந்த கலப்புத் தீவனத்திலோ பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள். கிலோ விலையை அப்படியே ஒப்பிட்டால் சக்கை மலிவாகத்தான் தெரியும்.

சோதித்துப் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. தானியம் மிகுந்த தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றினால் பெருவயிற்றில் (தீனி முதலில் சேரும் பெரிய வயிற்றறை) அமிலம் ஏறி, தீனி குறைந்து, சாணம் இளகும். பழி தீவனத்தின் மேல் விழும். கன்று ஈன்ற புதிதில் மாற்றினால் கதை தலைகீழ்: முதல் ஆறேழு வாரம் பால் தானாகவே ஏறும், பெயர் தீவனத்துக்குப் போகும்.

ஈன்று நான்கைந்து மாதமான ஒரு பசுவை எடுத்து, முதலில் ஒரு வாரம் பழைய தீவனத்திலேயே இருவேளைப் பாலையும் அளந்து எழுத வேண்டும். பிறகு பத்து நாளில் கால் கால் பங்காக மாற்றி, இரண்டு வாரம் அளந்து, மறுபடி பழையதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். இடையில் பசுந்தீவனத்தைக் கூட்டக் கூடாது.

தீவன நிறுவனங்கள் சோதனைக்கென்று சிறு பொதிகளையும் விற்கட்டும், உலர்பொருள் அளவை மூட்டை மேல் பெரிய எழுத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
கால்நடைத் தீவன ஆலோசகர்கள் சிலர்