கடற்பறவை ஆய்வுக்கு ஒரு நிரந்தர ஆளணி தாருங்கள்

கடற்றொழில், சுற்றாடல், உயர்கல்வி அமைச்சுகளின் செயலாளர்களுக்கு,

வணக்கம். கொழும்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். உங்கள் மூவரிடமும் கேட்பது ஒன்றுதான். கடற்பறவைகளையும் அவை வாழும் கடலையும் ஆராய ஒருவரை நிரந்தர நியமனத்தில் எடுங்கள். ஓய்வுபெறும் வயதுவரை அந்த வேலையிலேயே விட்டுவையுங்கள். செயற்றிட்டம் முடிந்ததும் கலைந்துபோகும் ஒப்பந்தப் பதவி இதற்குச் சரிவராது.

ஏனென்றால் இந்தப் பறவைகளின் ஆயுள் அப்படி. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் அய்ன்ஹலோ என்று ஆள் குடியிராத ஒரு சிறு தீவு. ஜோர்ஜ் டனெட் என்ற விஞ்ஞானி 1950இல் அங்கே ஃபுல்மர் என்ற கடற்பறவைகளை ஆராயத் தொடங்கினார். இளவயதில் ஒரு பறவையைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் படம் ஒன்று உண்டு. பல பத்தாண்டுகள் கழித்து அதே பறவையோடு எடுத்த படமும் உண்டு. மனிதருக்கு வயது போய்விட்டது, பறவையில் மாற்றமே தெரியவில்லை. ஃபுல்மர் முதல் முட்டை இடுவதற்கே சராசரியாக ஒன்பது வயதாகும். அதுவும் ஆண்டுக்கு ஒரேயொரு முட்டை. மூன்று வருட நிதியோடு போகிறவர் ஒரு தலைமுறையைக்கூடக் காணாமல் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். டனெட் மறைந்த பிறகும் அபர்டீன் பல்கலைக்கழகம் அந்த ஆய்வைக் கைவிடவில்லை.

இப்படிச் சேரும் பதிவுகள் அலுமாரியில் கிடந்து தூசி பிடிப்பவை அல்ல. வட கடலோரம் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் குஞ்சு பொரிப்பது குறைந்துவந்ததை ஆண்டுதோறும் எழுதிவைத்திருந்தார்கள். அவற்றின் இரை சாண்டீல் என்ற சிறுமீன். 2000ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையோரம் சாண்டீல் மீன்பிடியை மூடியபோது கையில் இருந்த ஆதாரம் அந்தப் பதிவுகள்தான்.

நம்மிடம் பறவைக்குப் பஞ்சமில்லை. தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல் தீடைகளில் ஆலா என்ற கடற்பறவைகள் முட்டையிடுகின்றன. அந்தப் பகுதி 2015இல் கடல்சார் தேசிய பூங்காவாகப் பிரகடனமானது. சோளகம் அடங்கிவரும் மாதங்களில் மேற்குக் கரைக்கு வெளியே பிரைடில்ட் ஆலாக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகும். வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால் பாறையில் நின்று தொலைநோக்கியைக் கடல் விளிம்பில் வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். முதலில் அலை மட்டுமே தெரியும். பிறகு அலைக்குச் சற்று மேலே கரும்பழுப்பு முதுகொன்று, அதன் பின்னால் இன்னொன்று. இந்தப் பயணத்தைப் பதிவுசெய்தவர் நம் நாட்டுப் பறவை ஆய்வாளர் ரெக்ஸ் டி சில்வா. தனியொருவரின் ஆர்வத்தை நம்பி ஒரு நாடு இருந்துவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. சரக்குவ கரையில் சவ்வரிசி கொட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தவற்றை அரிதட்டால் அரித்து எடுத்தார்கள். கரையில் கிடந்ததை அரிக்கலாம். பறவையின் இரைப்பைக்குள் போனதை யார் பார்ப்பது?

பார்க்க வழி உண்டு. நெதர்லாந்தில் யான் வான் ஃப்ரானேகர் 1980களிலிருந்து, கரையொதுங்கிய ஃபுல்மர்களின் இரைப்பையைத் திறந்து, உள்ளிருப்பதை ஒரு மில்லிமீற்றர் வலையில் கழுவி, பிளாஸ்டிக்கை வேறாக்கி நிறுத்துவந்தார். அதே முறை வட கடல் நாடுகளின் பொது அளவுகோலாயிற்று: 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் உள்ள பறவைகள் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது. தராசும் வலையும் பெரிய செலவில்லை. செத்த பறவையைத் தேடி வருடம் முழுவதும் கரையில் நடக்க ஆள் வேண்டும், அடுத்த வருடமும் அதே ஆள் வேண்டும். விபத்துக்கு முந்தைய கணக்கு கையில் இருந்தால்தான் விபத்தால் வந்த நட்டத்தைச் சொல்ல முடியும்.

அந்தக் கப்பல் தொடர்பாக நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. அந்தப் பணம் வரும்போது ஒரு சிறு பங்கை வைப்பிலிட்டு, அதன் வட்டியில் இந்தப் பதவியை நடத்துங்கள். வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு விஞ்ஞானியின் சம்பளமும் மன்னாருக்குப் போய்வரும் செலவும் மூன்று அமைச்சுகளுக்குப் பெரிய பாரமாகாது.

என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், கடற்பறவை படிச்சா இங்க வேலை இருக்கா?” கெட்டிக்காரப் பிள்ளை. வெளிநாட்டுக்குப் போனால் உண்டு என்றுதான் சொல்ல முடிந்தது. அவளைப் போன்ற ஒருத்தி இருபத்தைந்து வயதில் சேர்ந்து, தீடைகளில் தன் கையால் காலில் அடையாள வளையமிட்ட குஞ்சு வளர்ந்து கூடு கட்டுவதைக் காணும் அளவுக்கு இந்த வேலையில் நிலைக்க வேண்டும்.

ஆகவே ஆளணிக்கு அனுமதி கொடுங்கள். பதவியை நாரா எனும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தில் வைப்பதா பல்கலைக்கழகத்தில் வைப்பதா என்பதை நீங்கள் பேசி முடிவுசெய்யுங்கள். பறவைக் கணக்குகளை ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிடுவதையும், மன்னார், நீர்கொழும்பு மீனவரிடம் கேட்டுப் பதிவதையும் பதவியின் கடமைகளில் எழுதிவையுங்கள். விண்ணப்பம் கோரும் விளம்பரம் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வரட்டும்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியன்