பின் கார்புரேட்டர் பண்ணிய கூத்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பதில் தாமதமானதற்குக் காரணம் என் பழைய எம்ஜிபி கார். வேறென்ன இருக்கப் போகிறது? என் மனைவி அதற்குச் ‘சின்ன வீடு’ என்றே பெயர் வைத்துவிட்டாள்.

புது ஸ்பார்க் பிளக் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் காலையில் இன்ஜின் விட்டுவிட்டு மிஸ்ஸிங் அடிக்கும். கழற்றினால் விளக்குக் கண்ணாடியில் படிந்த புகை மாதிரி கறுப்பு. தொட்டால் பிசுக்கில்லாத வறண்ட கரி. ஆயில் ஏறவில்லை, ரிங் தப்பித்தது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

என் முட்டாள்தனத்தை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? முதலில் என்ஜிகே கம்பெனியின் 6-ஆம் எண் பிளக்கை எடுத்துவிட்டு 5-ஆம் எண் போட்டேன். எண் குறைந்தால் பிளக் முனையில் சூடு கூடும். 450 டிகிரியைத் தாண்டினால் கரி தானே எரிந்துபோகும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை, ஆனால் ஐடிலிங்கில் நிற்கும்போது அந்தச் சூடு எங்கே ஏறுகிறது? அப்புறம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் இரண்டு கார்புரேட்டரிலும், பெட்ரோல் வரும் சின்னக் குழலான ஜெட்டின் நட்டை இரண்டிரண்டு முகம் (ஆறு பக்க நட்டில் ஒரு பக்கம் ஒரு முகம்) மேலே ஏற்றி பெட்ரோலைக் குறைத்தேன். ஒரு வாரத்தில் சில பிளக் சுண்ணாம்பாக வெளுத்தது, சில அப்படியே கறுப்பு.

அப்போதுதான் நீ அந்தக் காலத்திலேயே சொன்னது உறைத்தது: கழற்றும் பிளக்கை வரிசை மாறாமல் வை. நானோ எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கி வைத்திருந்தேன். இந்த முறை ஒரு பலகையில் வரிசையாக அடுக்கினேன். 1, 2-ஆம் சிலிண்டர் பிளக் வெள்ளை. 3, 4 கறுப்பு. முன் கார்புரேட்டர் ஊட்டுவது 1, 2-க்கு. பின்னது 3, 4-க்கு. பிளக்கில் பொறி தட்ட மின்சாரம் தரும் காயில் பலவீனமானாலும் இதே கரி வரும்தான், ஆனால் அது நான்குக்கும் பொது. இரண்டை மட்டும் பார்த்துக் கரி பூசாது.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின் கார்புரேட்டரின் அடியில் குனிந்தேன். இந்த எஸ்யூ வகைக் கார்புரேட்டரில், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யப் பெட்ரோலைக் கூட்டும் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லையே, ஜெட்டையே கீழே இழுப்பதுதானே. சோக்கை உள்ளே தள்ளியதும் முன் ஜெட் நட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. பின்னது ஒரு நெல்மணி தடிமனுக்குக் கீழேயே நின்றுவிட்டது! அதாவது மாதக்கணக்கில் பாதி சோக்கிலேயே ஓட்டியிருக்கிறேன். இன்ஜின் ஓடும்போதே விரலால் மெல்ல மேலே தள்ளினேன். அந்தக் கரகரப்பு அடங்கி, சைலன்சர் சத்தம் சீரானது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும்.

ஜெட் தண்டில் பழைய பெட்ரோல் பசையாகக் காய்ந்திருந்தது. ரிட்டர்ன் ஸ்பிரிங்கிலும் தெம்பில்லை. சுத்தம் செய்து, ஸ்பிரிங் மாற்றி, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டுப் பார்த்தேன். ‘டக்’கென்று விழுந்தது. அதன் அடியிலுள்ள ஊசி ஜெட்டின் நடுவில்தான் இருக்கிறது. இரண்டு நட்டையும் முழுக்க மேலே ஏற்றி, 12 முகம், அதாவது இரண்டு சுற்று, இறக்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் காற்றுச் சீறலையும் ஒன்றாக்கினேன் (இதற்கு உன் காதுதான் கெட்டி). பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கும் சோதனை. இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு), லேசாக ஏறி இறங்கினால் சரி. பின்னது ஒரே முகத்தில் சொன்ன பேச்சு கேட்டது. முன்னதுக்குத்தான் சாயங்காலம் வரை ஆயிற்று.

பழையபடி 6-ஆம் எண் பிளக் போட்டு, இடைவெளி 0.025 அங்குலம் வைத்து ஓட்டினேன். காலியான நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போய், கிளட்சை மிதித்து, இக்னிஷனை அணைத்து ஓரம் கட்டிக் கழற்றினேன். நான்கும் அட்டைப்பெட்டி நிறம், அதாவது கலவை சரி. இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் அதே நிறம்தான்.

அந்த டப்பாவில் பதினோரு பிளக் கிடக்கிறது. எதைத் தேற்றலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று நீ வந்துதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலைதான், முழங்காலுக்குத் தொந்தரவில்லை.

அன்புடன்,
மணி