சைக்கிள் எஞ்சின் தேய்வதற்கு முன்பே ஏன் நின்றுவிடுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிதிவண்டியில் பொருத்தி ஓட்டும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஆசையோடு வாங்கும் பலர், சில மாதங்களில் அது நின்றுபோனதும் ‘மட்டமான சரக்கு’ என்று சொல்லி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இத்தகைய எஞ்சின்களைப் பிரித்துச் சரிசெய்து வருபவன் என்ற முறையில், இந்தப் பழியில் பாதிக்குமேல் நியாயமில்லை என்று சொல்ல விரும்புகிறேன். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து போனவை அல்ல. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்கும் தேயும் அளவுக்கு அவை ஓடவே இல்லை. இடுக்கு வழியே நுழைந்த காற்றும், அதனால் ஏறிய சூடும், தளர்ந்த நட்டுகளும் அவற்றை முன்கூட்டியே முடித்துவிட்டன. ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்ட சிறு எஞ்சின்களை 1946-இல் மிதிவண்டிகளில் பொருத்தி விற்றவர்தான், பின்னாளில் ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோய்சிரோ ஹோண்டா. விளையாட்டுப் பொருளாக எண்ணி ஒதுக்கத் தக்க இனம் அல்ல இது.

என் முதல் எஞ்சின் ஒரு நீண்ட இறக்கத்தில் போனது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிவிட்டு, கிளட்சைப் பிடிக்காமல், வண்டி தானாக உருளட்டும் என்று விட்டிருந்தேன். பாதி வழியில் பின்சக்கரம் இறுகி நின்றது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போன்ற கோடுகள் ஓடியிருந்தன. உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. விற்றவர் தந்த ஒற்றைத் தாளில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. காரணம் எளியது. இந்த எஞ்சினில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் சக்கரத்துக்குச் சுழற்சி தரும் தண்டான கிராங்கின் பேரிங்குகளையும், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் இரு முனைகளையும், பிஸ்டனையும் நனைக்கிறது. ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோல் குறைகிறது, ஆயிலும் உடன் குறைகிறது. ஆனால் சக்கரமோ எஞ்சினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. எனவே இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். அல்லது அவ்வப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திறந்து மூட வேண்டும்.

ஆயிலின் அளவைக் கண்மதிப்பில் விடக்கூடாது. ‘ஒரு மூடி’ என்று ஊற்றுபவர்களின் மூடிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. புதிய எஞ்சினுக்கு முதல் சில நூறு கிலோமீட்டர் வரை 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 50 மில்லி என்று கலப்பது வழக்கம். பழகிய பிறகு 25-க்கு 1 என்றால் 40 மில்லி, 32-க்கு 1 என்றால் 31 மில்லிக்குச் சற்று அதிகம். தயாரிப்பாளர் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று செய்யப்பட்ட 2டி ஆயிலையே வாங்க வேண்டும். காரில் ஊற்றும் ஆயில் எரிந்து தீராமல் சாம்பலாக, தீப்பொறி தரும் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்துவிடும். ‘ஆயில் கூடினால் ஆயுள் கூடும்’ என்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் துளை வழியே போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். கலவையில் காற்று மிகும். எஞ்சின் கூடுதலாகச் சூடேறும்.

காற்று மிகுவதுதான் இந்த எஞ்சின்களின் பெரிய எதிரி என்பது என் அனுபவம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, பின்னரே மேலே தள்ளப்படுகிறது. ஆகவே கார்புரேட்டரின் கழுத்து, அதைத் தாங்கும் குழாயின் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு), சிலிண்டரின் அடிப்பக்க கேஸ்கெட், கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல் ஆகிய எந்த இடத்தில் கசிந்தாலும் கார்புரேட்டர் அளந்து விடாத கூடுதல் காற்று உள்ளே புகும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சினின் இரைச்சல் இறங்காமல் தொங்கிக்கொண்டே இருந்தால், முதலில் இந்த இடங்களைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இணைப்புகளில் ஒரு தூரிகையால் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழ் கிளம்பும் அல்லது எஞ்சினின் ஓட்டம் சட்டென்று மாறும். பிளக்கும் உண்மையைச் சொல்லும். நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நடுவிலுள்ள பீங்கான் வெளிறிய பழுப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கரி படிந்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி. கரி படிந்த பிளக்கைத் துடைத்துவிட்டு ஓட்டலாம். வெளுத்த பிளக்கைப் பார்த்த பிறகு அந்த வண்டியை அன்று ஓட்டவே கூடாது என்று என்னைக் கேட்பவர்களிடம் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன்.

அடுத்தது நட்டுகள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அதிரும். அதை மாற்ற முடியாது. புது எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் கேஸ்கெட் சற்று அமுங்குவதால், முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஹெட்டின் நான்கு நட்டுகளும் தளர்ந்திருப்பதைக் காணலாம். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடாக ஆயில் ஈரம் தெரிந்தால், அங்கே அழுத்தம் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். எஞ்சின் முழுதும் குளிர்ந்த பிறகு, எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பலம் இருக்கிறதென்று நீண்ட ஸ்பேனரால் முறுக்கினால், நட்டு ஏறும் திருகுக்கம்பியான ஸ்டட் ஒடியும் அல்லது மென்மையான அலுமினியத்திலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சட்டத்தோடு எஞ்சினைப் பிடிக்கும் நட்டுகளை வாரம் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் அவை தளர்ந்தால் அதிர்வு பெருகி மற்றவற்றையும் தளர்த்திவிடும்.

வேகத்தைப் பற்றிச் சொன்னால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் கணக்கைக் கணக்காகவே வைக்கிறேன். 44 பற்கள் கொண்ட பின் பல்சக்கரத்தோடு வரும் வழக்கமான அமைப்பில், சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 18 முறை சுற்றுகிறது. 26 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,350 முறை சுழலும். 45 கிலோமீட்டரில் அது 6,500-ஐத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது, மேலும் கீழும் பாயும் பிஸ்டனை நிறுத்தித் திருப்புவதற்குத் தேவைப்படும் விசை இரண்டேகால் மடங்காகிறது. அந்தச் சுமை முழுவதும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள் மீது விழுகிறது. அவசரம் உள்ளவர்கள் எஞ்சினை முறுக்குவதை விட, மேடு குறைந்த பாதையில் 36 பல் கொண்ட பல்சக்கரத்துக்கு மாறுவது நல்லது. அதே வேகத்தில் எஞ்சினின் சுற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறையும். வண்டியைக் கிளப்பும்போது மிதித்தே கிளப்ப வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளட்சால் இழுத்துக் கிளப்புபவர்கள் அதன் கட்டைகளைத் தாங்களே தேய்த்துக்கொள்கிறார்கள்.

செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா என்பதைப் பின்னால் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே சேறும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருந்தால், காற்று எவ்வளவு வீசினாலும் சூடு இறங்காது. பழைய பல்துலக்கியே அதற்குப் போதும். காற்று வடிகட்டியின் நுரைப்பஞ்சைக் கழுவி உலர்த்தி, ஆயில் தொட்டுப் பிழிந்து மாட்ட வேண்டும். சைலன்சரின் வாயிலும் சிலிண்டரின் புகைபோகும் துளையிலும் படியும் கரியைச் சுரண்ட மரக்குச்சியைத்தான் பயன்படுத்த வேண்டும். இரும்பு பட்டால் சிலிண்டரில் கீறல் விழும். பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிளக் துளையில் சில சொட்டு 2டி ஆயில் விட்டு ஓரிரு முறை சுழற்றி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் தேங்கிய கலவையை மீண்டும் பயன்படுத்தலாகாது.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம். எஞ்சினை விற்பவர்கள் அப்படியொரு தாளையும், 40, 50 மில்லிக்குக் கோடு போட்ட ஒரு சிறு அளவுக் குப்பியையும் பெட்டியில் சேர்த்துத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தங்கள் நாளிதழ் இதை வலியுறுத்தி எழுதினால் அவர்கள் செவிசாய்ப்பார்கள் என்று நம்புகிறேன். தமிழில் அந்தத் தாளை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், எவ்வித ஊதியமும் இன்றி எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்